டப்பா வேலை செய்கிறதா?

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி என்று சொல்வார்கள். நான் ஊதக்கூட இல்லை. ஊதுமா என்று ஒரு வார்த்தை கேட்டேன், அவ்வளவுதான்.

எங்கள் ஊருக்கும் அக்கரைக்கும் நடுவில் ஒரு பாலம் இருக்கிறது. அதில் கார் ஏற வேண்டுமென்றால் முன்கண்ணாடியில் ஒரு டப்பா ஒட்டியிருக்க வேண்டும். சோப்புக் கட்டி அளவுதான் இருக்கும். சுங்கச்சாவடிக்குள் வண்டி நுழைந்ததும் அது 'பீப்' என்று ஒரு சத்தம் போடும். உடனே குறுக்குக் கட்டை மேலே தூக்கும், நாம் போய்விடலாம். காசை நீட்டிச் சில்லறை வாங்குகிற பழைய கதையெல்லாம் போய்விட்டது. பாலத்தில் நடந்து போகவும் கூடாது. டப்பா இருந்தால் அக்கரை, இல்லையென்றால் இக்கரை.

நான் பல்செட் செய்கிறவன். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அச்செடுத்து அனுப்புவார்கள், நான் பட்டறையில் உட்கார்ந்து பல் வரிசை கட்டித் தருவேன். அதனால் யாரைப் பார்த்தாலும் என் கண் முதலில் வாய்க்குத்தான் போகும். மரியாதைக் குறைவுதான், என்ன செய்வது, தொழில் அப்படி.

அன்று காலை அத்தான் ஃபோன் செய்தார். அக்காவை முந்தின நாள் வயிற்றுவலி என்று அக்கரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்.

"தம்பி, உடனே கிளம்பி வா. குடல் முறுக்கிக்கிச்சாம், ஆபரேஷன் பண்ணணுமாம். உங்க அக்கா வாயைத் திறக்க மாட்டேங்கறா."

"பேசவே இல்லையா?"

"பேசறதும் இல்ல, திறக்கறதும் இல்ல. மயக்க மருந்து குடுக்கறவங்க வாய்க்குள்ள பாக்கணுங்கறாங்க. இவ பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தலையை ஆட்டறா. தம்பி வரட்டும்னு எழுதிக் காட்டறா. நீ வந்து என்ன பண்ணப் போற? எனக்கு ஒண்ணுமே புரியல. மத்தியானத்தைத் தாண்டினா குடல் தாங்காதுன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டாருப்பா."

அத்தானுக்குப் புரியவில்லை, எனக்குப் புரிந்துவிட்டது. அக்காவின் மேல்வரிசை, கீழ்வரிசை இரண்டும் நான் செய்தவை. ஈறு நோய் வந்து சின்ன வயதிலேயே அவளுக்குப் பல் எல்லாம் போய்விட்டது. நான் தொழில் பழகிய நாளில் முதன்முதலாகக் கட்டிய ஜோடி அவளுக்குத்தான், அதுவும் கல்யாணத்துக்கு முந்தின வாரம். "அவருக்குத் தெரிஞ்சா நான் செத்தே போயிடுவேன்டா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பிள்ளைகள் பிறந்து அவர்களுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. இன்றுவரை அத்தானுக்குத் தெரியாது. பழைய செட் தேய்ந்தால் என் பட்டறைக்கு வருவாள். நான் ஷட்டரை இறக்கிவிட்டுப் புதியது செய்து கொடுப்பேன். மயக்கம் கொடுக்கிறவர்கள் கட்டுப்பல்லைக் கழற்றச் சொல்வார்கள். அத்தான் கட்டிலை விட்டு அசைய மாட்டார். இவளும் கழற்ற மாட்டாள்.

"நர்ஸ்கிட்ட ஃபோனைக் குடுங்க, நான் பேசறேன்."

"ஸ்பீக்கர்லதான் போட்டிருக்கேன், சொல்லு."

அத்தானுக்கு எல்லா ஃபோனும் ஸ்பீக்கர்தான். அந்த ரகசியம் என்னுடையதாக இருந்தால் அங்கேயே கத்திச் சொல்லியிருப்பேன். "வந்துட்டேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

விதி எப்படி விளையாடியது பாருங்கள். டப்பாவின் ஓரத்தில் ஒரு குட்டிப் பச்சை விளக்கு மினுக்கும். அன்று அது மினுக்காத மாதிரி எனக்குத் தோன்றியது. வெயில் அடித்ததில் தெரியாமல் போயிருக்கலாம். ஆனால் கட்டை தூக்காமல், முன்னால் போக முடியாமல், பின்னால் லாரி நிற்க, நடுவில் மாட்டிக்கொண்டால் அக்கா கதி என்ன? இந்த யோசனையோடு சாவடியை நெருங்கினால், பாலத்து முகப்பில் ஒரு பெரிய விளம்பரப் பலகை. 'உங்கள் கருவி வேலை செய்கிறதா? சந்தேகமா? கேளுங்கள்! ஒரு நிமிடம் போதும்.' கீழே சுங்கக் கருவி உறுதிப்பாட்டு வாரியத்தின் இயக்குநர் சிரித்துக்கொண்டிருந்தார். மேல்வரிசை கட்டுப்பல். எல்லாம் ஒரே அளவு, ஒரே வெள்ளை. எந்தத் தாயும் அப்படிப் பெற்றுத் தருவதில்லை. கொஞ்சம் தளர்ச்சியாக வேறு உட்கார்ந்திருந்தது. அவசரத்திலும் இதைக் கவனித்தேன்.

ஒரு நிமிடம்தானே என்று ஓரங்கட்டினேன்.

ஜன்னலில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கேட்க வந்த முதல் ஆளைப் பார்க்கிற பார்வை.

"என் டப்பா வேலை செய்யுதான்னு பாத்துச் சொல்லணும் சார்."

"சந்தேகமா?"

"லேசா."

"லேசான்னு இங்க ஒண்ணும் கிடையாது. இருக்கு, இல்ல. எது?"

"இருக்கு" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக என் நாக்கை நானே கடித்துத் துப்பியிருக்க வேண்டும்.

அவர் கையை நீட்டினார். மரியாதை தெரிந்த மனிதர், கை குலுக்குகிறார் போல என்று நானும் நீட்டினேன். என் கையிலிருந்த கார்ச் சாவியைப் பிடுங்கி ஒரு சிவப்புத் தட்டில் போட்டார்.

"வண்டி இப்ப சந்தேக வண்டி. சந்தேகம் தீர்ற வரைக்கும் நகரக் கூடாது. நீங்களும் வளாகத்தை விட்டுப் போகக் கூடாது."

"ஐயா, எங்க அக்காவுக்கு ஆபரேஷன். சந்தேகம் இல்லன்னே வச்சுக்குங்க, நான் கிளம்பறேன்."

"சந்தேகம் இல்லாதவரு ஏன் வந்தீங்க? அப்ப பொய்த் தகவல் குடுத்திருக்கீங்கன்னு ஆகும். அதுக்கு வேற ஜன்னல். அந்த ஜன்னல்காரர் லீவு."

எனக்குப் பின்னால் கார்கள் போய்க்கொண்டே இருந்தன. பீப், தூக்கு. பீப், தூக்கு. ஒருவனும் நிற்கவில்லை, ஒருவனும் கேட்கவில்லை. கேட்காதவனுக்கெல்லாம் அக்கரை திறந்து கிடந்தது.

உள்ளேயிருந்து ஒலிப் பிரிவு அம்மா வந்தார். கழுத்தில் மூக்குக்கண்ணாடி தொங்க, கையில் ஹேர் ட்ரையர் மாதிரி ஒரு மெஷின். டப்பாவை என் கார்க் கண்ணாடியிலிருந்து உரித்தெடுத்து மெஷினைக் காட்டினார். 'பீப்' என்றது. பெற்ற பிள்ளை முதன்முதலில் பேசியது போல எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேலை செய்யுதும்மா! சாவியைக் குடுங்க."

"அவசரப்படாதீங்க. சத்தம் போடுது, அவ்வளவுதான் நான் சொல்ல முடியும். சத்தம் போடறது வேற, வேலை செய்யறது வேற. எங்க ஆபீஸ்லயே ரெண்டுக்கும் வேற வேற ஆளுங்க."

டப்பாவை எடுத்துக்கொண்டு நடந்தார். நான் நாய்க்குட்டி போலப் பின்னாலேயே ஓடினேன். மாடிப்படியில் ஏறும்போது அத்தான் ஃபோன்.

"எங்க இருக்க?"

"பாலத்துலதான் அத்தான்."

"பாலத்துல இருந்து பத்து நிமிஷம்தானே. உங்க அக்கா கண்ணு வாசலைத் தவிர வேற எதையும் பாக்கல. வலியில நெத்தியெல்லாம் வேர்க்குது, அப்பவும் வாயைத் திறக்க மாட்டேங்கறா."

பாலத்தில்தான் இருந்தேன். அது பொய் இல்லை. பாலத்தின் இரண்டாவது மாடியில், செவிப் பிரிவு என்று எழுதிய கதவுக்கு வெளியே பெஞ்சில் இருந்தேன்.

செவிப் பிரிவு அதிகாரி இரண்டு காதிலும் பஞ்சு வைத்திருந்தார். அவர் வேலை பீப் சத்தத்தைக் கேட்டு அது முறையான பீப்தானா என்று சொல்வது. கேட்டுக் கேட்டுத் தலைவலி வந்துவிட்டதால் டாக்டர் பஞ்சு வைக்கச் சொல்லிவிட்டாராம். ஒலிப் பிரிவு அம்மா மெஷினை அழுத்தினார். பீப்.

"அழுத்துங்கம்மா" என்றார் அதிகாரி.

"அழுத்திட்டேன் சார்."

"என்ன?"

"அழுத்திட்டேன்!"

"எனக்குக் கேக்கலையே. இன்னொரு தடவை."

பீப். இன்னொரு தடவை. பீப். பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டால் என்ன என்று நான் கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "தம்பி, பஞ்சை எடுத்துட்டா யாருக்கு வேணா கேக்குமே. அதுக்கு ஒரு அதிகாரி எதுக்கு? பஞ்சு வச்சும் எனக்குக் கேட்டாத்தான் அது தரமான பீப்." கடைசியில் டப்பாவைக் காதோடு ஒட்டிவைத்து அழுத்தினார்கள். அவர் முகம் சுளித்தார். அது கேட்டதற்கான அடையாளம் என்று அம்மா எனக்கு விளக்கினார்.

"அப்ப வேலை செய்யுதுதானே? சாவி?"

"பீப் தரமானது. ஆனா மெஷின் சொல்றதை நம்பலாமான்னு மெஷின் பிரிவு சொல்லணும்."

மெஷின் பிரிவு மேலாளர் நல்ல மனிதர். முன்பல் இரண்டுக்கும் நடுவே ஒரு காசு நுழைகிற இடைவெளி, அதனால் சிரிப்பில் கள்ளம் தெரியாது. என்னை உட்காரவைத்து டீ கொடுத்தார். நான் அழாத குறையாக அக்கா விஷயத்தைச் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

"நியாயம்தான். ஆனா நீங்களே சொல்லுங்க, உங்க டப்பாவைச் சோதிக்கற மெஷின் சரியா இருக்குன்னு யாரு சொல்றது?"

"நீங்கதான் சார் சொல்லணும்."

"எதை வச்சுச் சொல்லுவேன்? நிச்சயமா வேலை செய்யற டப்பா ஒண்ணு கையில இருந்தாத்தானே மெஷினைச் சோதிக்க முடியும். முன்னாடி இருந்துச்சு." மேஜை இழுப்பறையைத் திறந்து காட்டினார். உள்ளே செத்துப்போன டப்பாக்கள் மொச்சைக்கொட்டை மாதிரி நிறைந்து கிடந்தன. "அதெல்லாம் பாவம், சோதிச்சுச் சோதிச்சே போயிடுச்சு. ரொம்ப நாளா இங்க ஒரு மெஷினும் சோதிக்கப்படாம சும்மா கிடக்கு. இப்ப கடவுள் மாதிரி நீங்க வந்திருக்கீங்க. உங்க டப்பா நல்லாவே வேலை செய்யுது பாருங்க."

"வேலை செய்யுதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க! அதைத்தான் நான் கேக்க வந்தேன்!"

"நான் சொன்னது நமக்குள்ள. எழுத்துல வராது."

சொல்லிவிட்டு வராண்டாவில் தலையை நீட்டி, "டப்பா வந்திருக்கு!" என்று ஒரு குரல் கொடுத்தார். கட்டடம் விழித்துக்கொண்டது. அதுவரை ஆள் இருக்கிறதா என்று சந்தேகப்பட வைத்த அறைகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள், ஆளுக்கொரு மெஷினோடு. பெரிய மெஷின், சின்ன மெஷின், சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த மெஷின், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத மெஷின். வரிசையில் நின்றார்கள். பீப், பீப், பீப். ஒவ்வொரு பீப்புக்கும் ஒருவர் முகம் மலர்ந்தது. "என்னுதும் வேலை செய்யுது!" என்று ஒருவர் இன்னொருவரைக் கட்டிக்கொண்டார். வருஷக்கணக்காகச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அன்றுதான் தாங்கள் வேலை செய்வதாக ஒரு நிச்சயம் பிறந்தது.

நான் வரிசை ஓரமாக ஓடி ஓடிக் கெஞ்சினேன். "ஐயா, போதும்யா! என் அக்கா உயிருக்கு ஊசலாடுறாய்யா!" யாரும் கெட்டவர்கள் இல்லை. எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். "ஆமாம்மா, பாவம், சீக்கிரம் முடிங்க, அவரு போகணும்" என்று சொல்லிக்கொண்டே அவரவர் மெஷினை நீட்டினார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி, தன் மெஷினை மட்டும் இரண்டு முறை பார்த்துக்கொண்டார்.

வாடகைக் காருக்கு ஃபோன் போட்டேன். எங்கே வரவேண்டும் என்று டிரைவர் கேட்டார். உறுதிப்பாட்டு வாரியம் என்றேன். வைத்துவிட்டார்.

அத்தான் மறுபடி கூப்பிட்டார். "தம்பி, டாக்டர் வந்து பாத்துட்டு, இப்படியே அடம் பிடிச்சா என்னால ஒண்ணும் பண்ண முடியாதுன்னு சொல்லிட்டுப் போறாரு. கால்ல விழுந்து கெஞ்சிட்டேன்டா. அவ என்னையே பாத்து அழறா, வாயை மட்டும் கையால பொத்திக்கறா. நான் என்னடா தப்புப் பண்ணினேன்?"

'நீங்கள் வெளியே போங்கள், அவள் திறப்பாள்' என்று சொன்னால் அவர் மனசு என்ன பாடுபடும்? ஏன் என்று கேட்பார். கேட்காமல் இருக்கிற மனிதரா அவர்? "இதோ அத்தான், இதோ" என்று மட்டும் சொன்னேன். என் குரல் எனக்கே கேவலமாகக் கேட்டது.

அப்போதுதான் வராண்டாவில் சத்தம் அடங்கியது. சக்கர மெஷின்காரர் அழுத்தினார். டப்பா 'பீ' என்றது. மறுபடி அழுத்தினார். விக்கல் மாதிரி ஒரு சத்தம். அப்புறம் ஒன்றுமில்லை.

"போச்சு" என்றார் மேலாளர் துக்கத்தோடு. "உள்ள இருக்கற பேட்டரி இத்தனை பீப்புக்குத்தான்னு வரும். நல்ல டப்பா. நாலு வருஷம் வந்திருக்கும்."

"இப்ப நான் எப்படிப் போறது?"

"இப்ப உங்க டப்பா வேலை செய்யல. அதுல துளியும் சந்தேகம் இல்ல."

"சந்தேகம் இல்லன்னா சாவியைக் குடுங்க!"

"சாவி தரலாம். ஆனா வேலை செய்யாத டப்பா உள்ள வண்டியைப் பாலத்துல விட முடியாதே. நீங்க காலைல சந்தேகம்னு சொன்னீங்க. எவ்வளவு சரியாச் சொல்லியிருக்கீங்க பாருங்க!" சுற்றி நின்றவர்கள் என்னை ஒரு தீர்க்கதரிசியைப் போலப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்கே சரியாக நினைவில்லை. கத்தியிருக்கிறேன். சக்கர மெஷினை உதைத்திருக்கிறேன். கால் கட்டைவிரல் வீங்கியதுதான் மிச்சம். இரண்டு பேர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு போய் இயக்குநர் அறையில் விட்டார்கள். புகார் சொல்லத் துடிப்பவர்களுக்கு அவர் ஒருவரே மருந்தாம்.

பலகையில் சிரித்த அதே வாய். கம்பளம் விரித்த அறை, மேஜையில் தண்ணீர்ச் செம்புகூட மூடியோடு பளபளத்தது. அவர் எழுந்து நின்றுதான் பேசினார். உட்கார்ந்து பேசுகிற பழக்கம் அவருக்கு இல்லை போல.

"உங்கள் துயரத்தை இந்த வாரியம் தன் துயரமாகக் கருதுகிறது. இந்த வாரியம் தோன்றுவதற்கு முன்னால் மக்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? டப்பாவை ஒட்டினார்கள், பாலத்தில் போனார்கள். அது வேலை செய்கிறதா இல்லையா என்ற அடிப்படைச் சந்தேகம்கூட அவர்களுக்கு இருந்ததில்லை! அந்த அறியாமையிலிருந்து அவர்களை மீட்டெடுத்திருக்கிறோம். சந்தேகப்படாத மக்களை வைத்துக்கொண்டு ஒரு வாரியம் நடத்த முடியுமா? நீங்கள் கேட்கலாம், இதுவரை எத்தனை டப்பா சரிசெய்திருக்கிறீர்கள் என்று. சரிசெய்வது எங்கள் பணி அல்ல. டப்பா கெடலாம், மக்கள் காத்திருக்கலாம், உயிர்கூட, இருக்கலாம், போகலாம். ஆனால் வெளிப்படைத்தன்மையும் உறுதிப்பாட்டுணர்வும்…"

அங்கேதான் தடுக்கியது. உறுதிப்பாட்டுணர்வின் நட்டநடுவில் மேல்வரிசை கழன்று நாக்கில் இறங்கியது. அவர் சட்டென்று உதட்டை மூடி, இருமுவது போலக் கைக்குட்டையை எடுத்தார். கூட்டிவந்தவர்கள் கவனிக்கவில்லை. எனக்குத் தெரியாமல் போகுமா?

என் கை தானாகவே நீண்டுவிட்டது. மெதுவாகச் சொன்னேன். "ஐயா, மேல்செட் தளர்ந்திருக்கு."

அவர் முகம் வெளுத்தது. கையை ஆட்டி எல்லோரையும் வெளியே அனுப்பினார். கதவைத் தாழிட்டார். திரும்பியபோது அங்கே இயக்குநர் இல்லை. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்ட ஒரு வயசாளி நின்றார். ஆஸ்பத்திரியில் என் அக்கா இதே மாதிரி பொத்திக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன். அந்த ஆள்மேல் இருந்த ஆத்திரம்கூட ஒரு கணம் எங்கேயோ போய்விட்டது.

"எப்பதித் தெரியும்?" என்றார் கைக்குப் பின்னாலிருந்து. "இங்க யாதுக்கும் தெரியாது. வீத்துல கூதத் தெரியாது."

"எனக்கு இதான் ஐயா தொழில்."

"தாயங்காலம் எனக்கு உதை இருக்கு. தரி பண்ண முடியுமா?" உரையைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது.

சட்டைப் பையில் எப்போதும் கொஞ்சம் மெழுகு வைத்திருப்பேன். அன்றும் இருந்தது. செட்டை வாங்கி, செம்புத் தண்ணீரில் கழுவி, விரல் சூட்டில் மெழுகை இளக்கி, மேலண்ணத்தில் பதிகிற பக்கம் ஒத்தினேன். அவர் குழந்தை மாதிரி வாயைத் திறந்தார். அழுத்தி உட்காரவைத்தேன். கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அந்த மெழுகு நாலு நாள் தாங்கும், உட்கார்ந்து மகாபாரதமே படிக்கலாம். ஆனால் என் வாயிலிருந்து வேறு வந்தது.

"ஐயா, தற்காலிகமாத்தான் ஒட்டியிருக்கேன். சின்னச் சின்ன வார்த்தையா மட்டும் பேசுங்க. நீளமா ஒண்ணு பேசினீங்கன்னா, எல்லாரும் பாக்க மேஜைமேல விழுந்துடும்."

பொய்தான். அதற்காக இன்றுவரை நான் வெட்கப்பட்டதில்லை.

"உறுதிப்…" என்று அவர் தொடங்கினார்.

"ஐயோ!" என்று நான் பதறினேன். அவர் வாயை மூடிக்கொண்டார். கண்ணில் நிஜமான பயம்.

"ஐயா, எங்க அக்கா சாகக் கிடக்கறா. நீங்க சின்னதா ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்."

அவர் என்னைப் பார்த்தார். கதவைத் திறந்தார். வெளியே மேலாளர், ஒலிப் பிரிவு அம்மா, பஞ்சு அதிகாரி, ஜன்னல்காரர் எல்லோரும் குறிப்பெடுக்கத் தயாராகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள்.

"சாவி குடு" என்றார் இயக்குநர்.

அவர்கள் காத்திருந்தார்கள். வாக்கியத்தின் மிச்சம் வரும் என்று நினைத்தார்கள்.

"கட்டையைத் தூக்கு."

"ஐயா," என்றார் ஜன்னல்காரர் தயங்கி, "எந்த விதியின் கீழ்?"

இயக்குநர் நெஞ்சு விம்மியது. எத்தனை விதிகள் அந்த நெஞ்சில் முட்டி மோதினவோ! என்னைப் பார்த்தார். நான் மேஜையைப் பார்த்தேன். அவர் அத்தனையையும் விழுங்கினார்.

"தூக்குடா!"

பஞ்சு அதிகாரிக்குக்கூட அது கேட்டது.

கட்டைக்குப் பக்கத்தில் கையால் தூக்குகிற ஒரு பிடி இருந்தது. வருஷா வருஷம் பெயின்ட் அடித்து அழகுக்கு வைத்திருந்தார்களாம். ஜன்னல்காரர் ஒற்றைக் கையால் தூக்கினார், கொசுவலையை விலக்குகிற மாதிரி சுலபமாகத் தூக்கிக்கொண்டது. நான் போனேன். பாலத்தின் நடுவில்தான் நான் அழுதுகொண்டிருப்பதைக் கவனித்தேன்.

ஆஸ்பத்திரியில் அக்கா மெழுகு நிறத்தில் கிடந்தாள். என்னைக் கண்டதும் கண் மட்டும் அசைந்தது. "அத்தான், கீழ போய் மருந்து வாங்கிட்டு வந்துடுங்க" என்றேன். என்ன மருந்து என்றுகூடக் கேட்கவில்லை, போய்விட்டார். கதவைச் சாத்தி, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு இரண்டு வரிசையையும் கழற்றி என் கையில் வைத்தாள். சூடாக இருந்தன. நர்ஸைக் கூப்பிட்டேன்.

"ஏம்பா இவ்வளவு நேரம்?" என்றார் நர்ஸ். "டாக்டர் கீழ இறங்கிட்டாரு, ஓடிப் போய் நிறுத்தறேன்." நிறுத்தினார். தள்ளிக்கொண்டு போனார்கள். அக்கா போர்வையை மூக்குவரை இழுத்துக்கொண்டு போனாள்.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒரு நீளப் பெஞ்சு, மூடிய கதவு, நானும் அத்தானும். தாமதமாகிவிட்டது, கறுத்துப் போயிருந்தால் குடலில் பாதியை எடுக்க வேண்டியிருக்கும், அதற்கு மேல் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். எனக்கு அந்தப் பச்சை விளக்கே கண்ணில் நின்றது. மினுக்கியதா, மினுக்கவில்லையா? பேசாமல் போயிருந்தால் பீப் என்று போயிருக்கும். காலையிலேயே வந்திருப்பேன்.

அத்தான் கைக்குட்டையை எடுத்து மடியில் விரித்தார்.

"அதைக் குடு, தம்பி. உன் பைக்குள்ள கிடந்தா உடைஞ்சுடும்."

"எது அத்தான்?"

"பல்லு."

நான் அவரைப் பார்த்தேன். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்யாணமான மறுநாளே எனக்குத் தெரியும்டா. தெரியாத மாதிரி இருக்கறதுக்காகத்தான் தினம் அவளுக்கு முன்னாடி விளக்கை அணைச்சுட்டுச் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுக்கறேன். நீ வந்து என்னை வெளிய அனுப்புவேன்னுதான் காத்துக்கிட்டு இருந்தேன். நானா எழுந்து போனா அவளுக்குத் தெரிஞ்சிடுமே, எனக்குத் தெரியும்னு." மடியிலிருந்த கைக்குட்டையைத் தடவிச் சமன் செய்தார். "கடைசியில பாத்தியா, மரியாதை பாத்தே அவளைக் கொன்னுட்டேன் போலிருக்கு."

"அப்படிச் சொல்லாதீங்க அத்தான்." பல்செட்டை எடுத்துக் கொடுத்தேன். அதைக் கைக்குட்டையில் வைத்து மூலைக்கு மூலை மெதுவாக மடித்துக் கட்டினார், அதற்கு வலிக்கும் என்பது போல.

என் ஃபோன் அதிர்ந்தது. இரண்டு பேரும் பாய்ந்தோம். உள்ளேயிருந்து ஏதோ சேதி என்று நினைத்துவிட்டோம். திரையைப் படித்தேன்.

'வாழ்த்துகள்! தங்கள் கருவி சோதிக்கப்பட்டது. சோதனை தொடங்கியபோது அது முழுமையாக வேலை செய்துகொண்டிருந்தது. சந்தேகத்துக்கு நன்றி.'

"நல்ல சேதியா?" என்றார் அத்தான்.

"இல்ல அத்தான். நம்ம சேதி இல்ல."

கதவு திறக்க நெடுநேரம் ஆயிற்று. நர்ஸ் தலையை நீட்டினார். அவர் முகத்தில் எதுவும் தெரியவில்லை. முகமூடி போட்டிருந்தார்.

"இங்க யாருப்பா தம்பி? முழிச்சுட்டாங்க. கண்ணைத் திறந்ததும் வாயைப் பொத்திக்கிட்டுத் தம்பி, தம்பிங்கறாங்க. வேற எதுவும் கேக்கல."

அத்தான் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு குலுங்கினார். அப்புறம் கண்ணைத் துடைத்துவிட்டு, கைக்குட்டை முடிச்சை என் கையில் திணித்தார்.

"நீயே கொண்டு போய்க் குடு. கைக்குட்டையை மட்டும் முதல்ல எடுத்துடு. என்னுதுன்னு கண்டுபிடிச்சிடுவா."

நான் முடிச்சை அவிழ்த்துக்கொண்டே உள்ளே நடந்தேன். திரும்பிப் பார்த்தபோது அத்தான் பெஞ்சில் சுவர்ப் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தார்.